"சுத்த இரும்பு" என்று சொல்லிக் கம்பி விற்கிறார்கள், நம்பலாமா?

மேற்கணக்கு மகள் (லிந்துலை) எழுதியது:

வணக்கம். எங்களுக்குக் கிடைத்த ஏழு பேர்ச் காணியில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். அத்திவாரம் முடிந்துவிட்டது. இனித் தூண்களுக்குக் கம்பி கட்ட வேண்டும். சமையலறைக்கு மேலே மட்டும் சின்னதாக ஒரு கொங்கிறீட் தட்டுப் போட யோசனை. மிச்சக் கூரைக்குத் தகரம்தான்.

கம்பி வாங்க டவுனுக்குப் போனால் இரண்டு கடையில் இரண்டு விலை. விலை கூடிய கடைக்காரர், "இது நூற்றுக்கு நூறு சுத்த இரும்பு தங்கச்சி, அந்தப் பக்கம் விற்பதெல்லாம் கலப்படம்" என்றார். அந்தப் பக்கத்துக் கடைக்குப் போனால் அவரும் தன்னுடையதுதான் சுத்த இரும்பு என்று சத்தியம் செய்கிறார்.

தம்பி பத்தாம் தரம் படிக்கிறான். "இரும்பு ஒரு மூலகம், அணுவெண் 26. மூலகம் என்றால் அதில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. ஏதாவது கலந்திருந்தால் அது இரும்பே இல்லை, காசைத் திருப்பிக் கேள்" என்று சட்டம் பேசுகிறான். வீடு கட்டுகிற மேசன் பாஸிடம் கேட்டால், "சுத்தமாவது கித்தமாவது, கம்பி கம்பிதான்" என்று வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போகிறார். அப்பாவோ கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் பக்கம்.

கட்டடக் கம்பியில் சுத்தம் என்று ஒன்று இருக்கிறதா? இருந்தால் அதற்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கடன் எடுத்துக் கட்டுகிற வீடு.

கொட்டகலை பாஸ் எழுதியது:

தங்கச்சி, வாய்ப்பேச்சை விட்டுவிட்டுக் கம்பியைப் பாருங்கள். எஸ்.எல்.எஸ். 375 என்ற இலங்கைத் தர முத்திரை இருக்கிறதா, கட்டோடு வரும் அட்டையில் 500 என்ற தரம் போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்தது நிறை. விட்டத்தை மில்லிமீற்றரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162ஆல் பிரித்தால் ஒரு மீற்றர் கம்பி எத்தனை கிலோ இருக்க வேண்டும் என்பது வரும். 10 மில்லிமீற்றர் கம்பி மீற்றருக்கு 617 கிராம், 12 மில்லிமீற்றர் கம்பி 888 கிராம். ஒரு துண்டு வெட்டித் தரச் சொல்லி மரக்கறிக் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். கொஞ்சம் முன்பின் இருக்கலாம். நூறு கிராம் குறைந்தால் அது பத்தே இல்லை, பத்து என்று பெயர் வைத்த ஒன்பது. எங்கள் பக்கத்தில் நடக்கிற கள்ளம் பெரும்பாலும் மெலிந்த கம்பியில்தான் நடக்கிறது, கலப்படத்தில் இல்லை.

பட்டறை மாமா (மஸ்கெலியா) எழுதியது:

பிள்ளை, கொட்டகலை பாஸ் சொன்ன கணக்கு சரி, அதை எழுதி வைத்துக்கொள். ஆனால் நீ கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. நான் தேயிலைத் தொழிற்சாலைப் பட்டறையில் ஃபிட்டராகக் காலம் தள்ளிவிட்டு இப்போது வீட்டில் சும்மா இருக்கிறவன். சும்மா இருக்கிறவனிடம் இரும்பைப் பற்றிக் கேட்டுவிட்டாய், நீளமாகத்தான் வரும்.

அந்தக் கடைக்காரரிடம் போய், சுத்த இரும்பைக் கண்ணால் கண்டிருக்கிறீர்களா என்று கேள். அவர் சொல்வது உண்மையாக இருந்தால் அந்தக் கம்பியை நீ வாங்கவே கூடாது. சுத்த இரும்பு பலமான சாமான் இல்லை. காய்ச்சி மெல்ல ஆறவிட்டுப் பதமாக்கிய சுத்த இரும்பு நெளிந்து கொடுக்கும். உன் தூணுக்குப் போகிற 500 தரக் கம்பி ஒவ்வொரு சதுர மில்லிமீற்றருக்கும் 500 நியூட்டன் இழுவையை நெளியாமல் தாங்க வேண்டும். சுத்த இரும்பு அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தாங்காமல் இழுபட ஆரம்பித்துவிடும். மின்காந்தத்துக்குள் வைக்கிற உள்ளகம் செய்ய அது நல்லது, சட்டென்று காந்தமாகிச் சட்டென்று விட்டுவிடும். வீடு கட்ட ஆகாது.

இரும்பைக் கட்டடச் சாமானாக ஆக்குவதே அதில் கலக்கிற அழுக்குத்தான். முதல் அழுக்கு காபன், அதாவது கரி. இரும்பின் அணுக்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. இழுத்தால் ஓர் அடுக்கு மற்றதன் மேல் வழுக்கிப் போகும். காபன் அணு சின்னது. அது இடுக்கில் புகுந்துகொண்டு, மேட்டில் நிறுத்திய லொறியின் சக்கரத்துக்கு அடியில் வைத்த கல்லைப் போல அந்த வழுக்கலைத் தடுத்துவிடும். எவ்வளவு கொஞ்சம் போதும் தெரியுமா? கட்டடக் கம்பியில் காபன் பொதுவாக 0.25 சதவீதத்துக்குள். ஒரு கிலோக் கம்பியில் இரண்டு கிராம், இரண்டரைக் கிராம். அந்த இரண்டு கிராம்தான் உன் வீட்டைத் தாங்கப் போகிறது.

அதற்காகக் காபன் கூடக் கூட நல்லது என்று நினைத்துவிடாதே. தண்டவாளத்தில் 0.7, 0.8 சதவீதம் இருக்கும். அது தேயாது, ஆனால் வளையவும் வளையாது. 2 சதவீதத்தைத் தாண்டி 3, 4 என்று போனால் வார்ப்பிரும்பு. எங்கள் தொழிற்சாலையில் பழைய எஞ்சினின் உடம்பு, ரோலரின் கால், மேல்மாடியைத் தாங்குகிற உருண்டைத் தூண், எல்லாம் அதுதான். மேலேயிருந்து பாரம் அமுக்கினால் நூறு வருடம் சலிக்காமல் சுமக்கும். சம்மட்டியால் ஓங்கி ஒரு போடு போட்டால் படீரென்று இரண்டாகும், உடைந்த முகம் சாம்பல் நிறத்தில் பொரிபொரியாக இருக்கும். வளைந்து, நெளிந்து, முன்கூட்டியே சொல்லிவிட்டு உடைகிற குணம் அதற்குக் கிடையாது. இங்கிலாந்தில் 1779இல் உலகத்தின் முதல் பெரிய இரும்புப் பாலத்தை வார்ப்பிரும்பில் கட்டினார்கள். வளைவாகக் கட்டியதால் பாரம் முழுவதும் அமுக்கமாகவே இறங்குகிறது, இன்றும் நிற்கிறது. ஸ்கொட்லாந்தில் டே ஆற்றுப் பாலத்தில் இழுவை வருகிற இணைப்புகளை வார்ப்பிரும்பில் வைத்தார்கள். 1879 டிசம்பரில் புயலடித்த இரவில் ரயிலோடு சேர்ந்து ஆற்றில் விழுந்தது. இரண்டு பாலத்திலும் இருந்தது ஒரே மூலகம்தான், உன் தம்பியிடம் சொல்.

பட்டறையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். சாணை பிடிக்கிற எமரிச் சக்கரத்தைச் சுழல விட்டு, வெளிச்சம் குறைந்த மூலையில் நின்று, இரும்பை மெல்லத் தொட வேண்டும். கம்பித் துண்டைத் தொட்டால் வைக்கோல் நிறத்தில் நீள நீளமாகக் கோடு பறக்கும், நுனியில் அங்கொன்று இங்கொன்றாகக் கிளை பிரியும். காபன் கூடிய தேய்ந்த அரத்தைத் தொட்டால் கோடு பாதி வழியிலேயே வெடித்துக் கொத்துக் கொத்தாகச் சிதறும். வெடிப்பது காபன்தான், பறக்கிற துகளுக்குள் இருந்து காற்றில் எரிகிறது. வார்ப்பிரும்பைத் தொட்டால் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே மங்கலான சிவப்பாகக் குட்டையாக விழும். சுத்த இரும்போ, அந்தக் காலத்து அடித்த இரும்போ என்றால் நீளக் கோடு மட்டும்தான், வெடிப்பு கண்ணில் படாது. எனக்குப் பழகிக் கொடுத்த பெரிய ஃபிட்டர், பையன்கள் சாமானை மாற்றிக் கொடுத்தால் பொறியைப் பார்த்தே திட்டுவார். இதை வைத்து உன் கம்பி 500 தரமா என்று சொல்ல முடியாது, அதற்கு இழுத்துப் பார்க்கிற இயந்திரம் வேண்டும். ஆனால் எது எந்தச் சாதி என்று சொல்லிவிடலாம்.

இப்போது வேண்டாத அழுக்குக்கு வருகிறேன். கந்தகம் இருந்தால் சிவக்கக் காய்ச்சி உருட்டும்போதே இரும்பு விரிசல் விடும். அதைக் கட்டிப்போடத்தான் மங்கனீசு சேர்க்கிறார்கள். பொசுபரசு இருந்தால் குளிர்ந்த பிறகு நொறுங்கும். இந்த இரண்டையும் உலையில் ஓரளவு கழித்துவிடலாம். கழிக்க முடியாதது செம்பு. பழைய இரும்பைச் சேர்த்து உருக்கும்போது மோட்டர் சுருள், வயர் என்று செம்பும் கூடவே வந்துவிடுகிறது. ஒட்சிசனை ஊதினால் காபன் எரிந்து போகும், செம்பு எரியாது, செம்புக்கு முன்பாக இரும்பே எரிந்துவிடும். ஆகவே நல்ல ஆலைக்காரன் உருக்குவதற்கு முன்னாலேயே பொறுக்கி எடுக்கிறான். கலப்படம் என்று யாராவது பேசினால் இதைப் பற்றிப் பேச வேண்டும். உன் கடைக்காரர் இதையா பேசினார்? இல்லையே.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தக் காலத்துக் கம்பியின் பலம் சேர்மானத்தால் மட்டும் வருவதில்லை. உருட்டாலையிலிருந்து சிவக்கச் சிவக்க வெளியே வருகிற கம்பி மேல் தண்ணீரை வேகமாக அடிக்கிறார்கள். மேல்தோல் உடனே இறுகிவிடும். உள்ளே இருக்கிற சூடு பிறகு வெளியே வந்து அந்தத் தோலை அளவாகப் பதப்படுத்தும். வெளியே கடினம், உள்ளே இளக்கம். அதனால்தான் காபனைக் குறைவாக வைத்தே 500 தரத்தை எட்டுகிறார்கள். ஆகவே உன் பாஸ் காஸ் விளக்கைக் கொண்டு வந்து கம்பியைச் சிவக்கக் காய்ச்சி வளைக்கப் பார்த்தால் கையைப் பிடித்து நிறுத்து. அந்த இடத்தில் தண்ணீர் கொடுத்த பலம் போய்விடும். குளிர்ந்தபடியே, கம்பிக்கு ஏற்ற வளைவு வைத்து வளைக்க வேண்டும். ஒரு முறை வளைத்ததை நிமிர்த்தித் திரும்ப வளைக்கவும் கூடாது.

கடைக்காரர், தம்பி, பாஸ் என்ற மூன்று பேரில் உன் பாஸ்தான் உண்மைக்குக் கிட்ட நிற்கிறார், அவருக்கே தெரியாமல். சுத்தத்துக்குச் சல்லிக்காசு கூடுதலாகக் கொடுக்காதே. முத்திரைக்குக் கொடு, நிறைக்குக் கொடு.

பசறை டீச்சர் எழுதியது:

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். தம்பிக்காகக் கொஞ்சம் எழுதுகிறேன், ஏனென்றால் அவர் சொன்னது முழுப் பிழை இல்லை. மூலகம் என்பது அணுவின் வகை. கருவில் 26 புரோத்தன் இருக்கிற ஒவ்வோர் அணுவும் இரும்புதான். அது கம்பியில் இருந்தாலும், நம் இரத்தத்தில் இருந்தாலும், தேயிலை மலையின் செம்மண்ணில் இருந்தாலும் இரும்பு இரும்புதான். கடையில் விற்கிற பொருள் ஒரு கலப்புலோகம். அதில் பெரும்பங்கு இரும்பு அணுக்கள். பரீட்சையில் மூலகம் என்று எழுதட்டும், கடையில் உருக்கு என்று கேட்கட்டும்.

பூமியின் மேலோட்டில் நிறைப்படி ஏறக்குறைய 5 சதவீதம் இரும்பு. ஒட்சிசன், சிலிக்கன், அலுமினியம் ஆகியவற்றுக்கு அடுத்தபடி நான்காவது இடம். இவ்வளவு இருந்தும் தனி இரும்பாகக் கிடைப்பது மிக அருமை. விண்கற்களில் கிடைக்கிறது, அதிலும் நிக்கல் கலந்திருக்கும். கிறீன்லாந்தின் டிஸ்கோத் தீவில் பாறைக்குள் இயற்கை இரும்பு இருக்கிறது. மற்றப்படி எங்கும் ஒட்சைட்டுத்தான். அந்த ஒட்சிசனைப் பிரித்தெடுக்க மனிதர் கரியைப் பிடித்தார்கள். கரியைக் கொண்டு பிரித்தால் காபன் இரும்புக்குள் ஏறாமல் இருக்காது. சுத்த இரும்பு 1538 பாகை செல்சியஸில் உருகும். 4 சதவீதத்துக்கு மேல் காபன் ஏறிய இரும்பு 1150 பாகை அளவிலேயே உருகிவிடும். ஆகவே முதலில் உருகி ஓடியதே அழுக்கு நிறைந்த இரும்புதான். பெசமர் 1856இல் காற்றை ஊதிக் காபனை எரிக்கும் முறையை அறிவித்த பிறகுதான் உருக்கு மலிந்தது.

இது நம் மலைக்கு அந்நியமான கதையும் இல்லை. பலாங்கொடைக்குத் தெற்கே, மத்திய மலைநாடு தென்புறமாக இறங்குகிற சமனலவெவப் பகுதியில் அணை கட்டுவதற்கு முன்பு தொல்லியல் ஆய்வு நடந்தது. மேற்கு நோக்கிய சரிவுகளில், மலை முகடுகளை ஒட்டி, பழைய இரும்பு உலைகள் வரிசையாகக் கிடைத்தன. பெரும்பாலானவை கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரையானவை. துருத்தி ஊதுகிற ஆளே வேண்டாம், தென்மேற்குப் பருவக் காற்று அந்தச் சரிவில் மோதி ஏறும் வேகமே உலைக்குப் போதும். கில் ஜூலெஃப் என்ற ஆய்வாளர் அதே இடத்தில் உலை கட்டி, காற்றை மட்டும் வைத்து உருக்கிக் காட்டினார். 1996இல் நேச்சர் இதழில் அதை வெளியிட்டார். கிடைத்த உலோகத்தில் காபன் கூடிய உருக்கும் இருந்தது. 9ஆம் நூற்றாண்டு அரபு அறிஞர் அல்-கிந்தி வாள்களைப் பற்றி எழுதும்போது செரந்தீபு (நம் இலங்கைதான்) உருக்கைத் தனியாகக் குறிப்பிடுகிறார்.

பட்டறை மாமாவிடம் ஒரே ஒரு மறுப்பு. பொசுபரசை ஒரேயடியாக விரட்டிவிட்டீர்கள். டெல்லியில் குதுப் மினார் வளாகத்தில் நிற்கும் இரும்புத் தூண் 1600 ஆண்டுகளாகப் பெரிதாகத் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணமே அதில் உள்ள பொசுபரசுதான். ஏறக்குறைய 0.25 சதவீதம் இருக்கிறது. அது மேற்பரப்பில் ஒரு மெல்லிய காப்புப் படலம் உண்டாக உதவுகிறது.

பட்டறை மாமா (மஸ்கெலியா) எழுதியது:

டீச்சர், சமனலவெவ விவரம் எனக்குப் புதிது. காற்று உலை ஊதுவதை நம்ப எனக்குக் கஷ்டமே இல்லை. ஆடிமாதக் காற்று எங்கள் லயத்துத் தகரத்தை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு போவதைப் பார்த்தவன் நான்.

டெல்லித் தூணைப் பற்றிச் சொன்னதும் சரி. ஆனால் அந்தத் தூண் செய்கிற வேலை என்ன? நிற்கிறது. அவ்வளவுதான். யாரும் அதை வளைத்துக் கொக்கி போடவில்லை, அதன் மேல் தண்ணீர்த் தாங்கி வைக்கவில்லை. அத்தோடு டெல்லியில் வருடத்தில் பெரும்பகுதி வெயில் காய்கிறது. அதை மழை ஓயாத வட்டவளையில் கொண்டு வந்து நட்டால் என்ன ஆகும் என்று பார்க்க எனக்கு ஆசை. பொசுபரசு துருவைத் தடுக்கும், அதே பொசுபரசு இரும்பை நொறுங்க வைக்கும். தூணுக்குத் துரு பெரிய பகை, கம்பிக்கு நொறுங்குவது பெரிய பகை. கம்பிக்குத் துருவிலிருந்து காவல் கொடுக்கச் சீமெந்து இருக்கிறது. நொறுங்குவதிலிருந்து காவல் கொடுக்க வெளியே ஒருவரும் இல்லை.

ஹப்புத்தளைக் காற்று எழுதியது:

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தைப் பாருங்கள். 1921இல் கட்டியது. கல், செங்கல், சீமெந்து, இவ்வளவுதான். ஒரு துண்டு இரும்பு கிடையாது. முதலாம் உலக யுத்தத்துக்கு இரும்பையெல்லாம் கொண்டுபோய்விட்டார்கள், அதனால் இல்லாமலே கட்டினார்கள் என்று இங்கே எல்லோரும் சொல்கிற கதை. ரயில் இன்றும் அதன் மேலே ஓடுகிறது. பாட்டன் கட்டிய லயத்துக் கல்சுவரிலும் கம்பி இல்லை. கம்பி எல்லாம் கடைக்காரர் பிழைக்க வந்தது.

கொட்டகலை பாஸ் எழுதியது:

தம்பி, அது வளைவு. பாரம் வளைவு வழியாகக் கல்லைக் கல் அமுக்கிக்கொண்டே கீழே இறங்கும், எங்கேயும் இழுவை கிடையாது. சமையலறை மேல்தட்டு படுத்திருக்கிற பலகை. நடுவில் ஆள் நின்றால் மேல்பக்கம் அமுங்கும், கீழ்ப்பக்கம் இழுபடும். கொங்கிறீட் அமுக்கத்தைத் தாங்குகிற அளவில் பத்தில் ஒரு பங்குதான் இழுவையைத் தாங்கும். ஆகவே இழுபடுகிற பக்கத்தில் கம்பி போடுகிறோம். வெயிலுக்கும் குளிருக்கும் கொங்கிறீட்டும் உருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவில் நீளுவதும் சுருங்குவதும் நமக்கு வாய்த்த அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் கம்பி உள்ளேயே பிடி விட்டிருக்கும். உங்கள் வீட்டுச் சமையலறைக்கு ஒன்பது வளைவு வைத்துக் கட்ட ஏழு பேர்ச் போதாது.

மேற்கணக்கு மகள் (லிந்துலை) எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. டீச்சரின் பதிலைத் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். இப்போது பக்கத்து வீட்டுக்காரரிடம் அவர்கள் கேற் சுத்த இரும்பு இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிகிறான்.

இன்னும் இரண்டு சந்தேகம். அத்திவாரத்துக்கு வாங்கியதில் மிச்சமான கம்பியை அப்பா வீட்டின் பின்பக்கம் மண்ணில் போட்டு வைத்துவிட்டார். மழையில் செம்மை படர்ந்துவிட்டது. அதைத் தூணுக்குப் போடலாமா? மற்றது, தாத்தா காலத்தில் எப்படியோ வந்து சேர்ந்த ஒரு பழைய தண்டவாளத் துண்டு வீட்டில் கிடக்கிறது. பத்து அடி இருக்கும். அதைச் சமையலறை வாசலுக்கு மேலே பீமாகப் போட்டு, தூண் கம்பியோடு வெல்டிங் செய்துவிட்டால் கம்பி மிச்சம் என்று அப்பா சொல்கிறார். வெல்டிங்காரரும் சரி என்றுவிட்டாராம்.

கொட்டகலை பாஸ் எழுதியது:

துருவுக்கு நான் சொல்கிறேன். கையால் தடவினால் பொடியாக ஒட்டுகிற மெல்லிய செந்துரு பரவாயில்லை, கொங்கிறீட் நன்றாகவே பிடிக்கும். செதில் செதிலாகக் கழன்று விழுந்தால் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுத்துவிட்டு நிறையைப் பாருங்கள். 10 மில்லிமீற்றர் கம்பி மீற்றருக்கு 617 கிராமுக்குக் கிட்ட நின்றால் போடலாம். நிறை இறங்கியிருந்தாலோ, கம்பியின் வரிகள் மழுங்கிக் குழி விழுந்திருந்தாலோ தூணுக்கு வேண்டாம். மண் ஒட்டியிருந்தால் கட்டாயம் கழுவ வேண்டும். அப்பாவிடம் சொல்லி மிச்சத்தைக் கட்டையின் மேல் தூக்கி வைத்து மூடச் சொல்லுங்கள்.

உள்ளே போன பிறகு துருப்பிடிப்பதுதான் ஆபத்து. சீமெந்தின் காரத்தன்மை இருக்கும் வரை கம்பிக்கு ஒன்றும் ஆகாது. கம்பி மேல்பரப்புக்குப் பக்கத்தில் இருந்தால் காற்றில் உள்ள காபனீரொட்சைட்டு மெல்ல மெல்ல உள்ளே போய் அந்தக் காரத்தைக் கொன்றுவிடும். பிறகு ஈரமும் ஒட்சிசனும் சேர்ந்தால் துரு. துரு இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலே இடம் பிடிக்கும், கொங்கிறீட்டை உள்ளிருந்தே பிளக்கும். பழைய கட்டடங்களில் தட்டின் அடிப்பக்கம் பாளம் பாளமாக விழுந்து கம்பி வெளியே தெரிவது இதனால்தான். நம் பக்கத்து மூடுபனிக்குச் சுவர் காயவே காயாது. ஆகவே கம்பிக்குக் கீழே சீமெந்துக் கட்டி வைத்து உயர்த்துங்கள். கம்பிக்கு வெளியே கொங்கிறீட் மறைப்பு தட்டுக்கு 25 மில்லிமீற்றர், மண்ணோடு படுகிற அத்திவாரத்துக்கு 50. உங்கள் பாஸ் உடைந்த ஓட்டுத் துண்டையோ குச்சியையோ வைத்துச் சமாளிக்கப் பார்ப்பார், விடாதீர்கள். மணல் எங்கேயிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். கழுவாத கடல் மணலாக இருந்தால் உப்பு கம்பியைத் தின்றுவிடும், அதற்கு முன்னால் காரம் கீரம் ஒன்றும் நிற்காது.

தண்டவாளம் மாமாவின் பாடு.

பட்டறை மாமா (மஸ்கெலியா) எழுதியது:

வெல்டிங்காரர் சரி என்றாரா? அவருக்குக் கூலி வந்தால் சரிதானே.

பிள்ளை, தண்டவாளத்தில் காபன் 0.7, 0.8 என்று மேலே எழுதினேன். அந்த அளவுக் காபன் உள்ள உருக்கைச் சாதாரணமாக வெல்டிங் செய்தால், தைத்த இடத்தை ஒட்டிய பகுதி சுற்றியிருக்கிற குளிர்ந்த இரும்பால் சட்டென்று ஆறிக் கண்ணாடி போல நொறுங்குகிற குணம் கொண்டுவிடும். வெல்டிங் அழகாக இருக்கும். ஆறின பிறகு, சிலவேளை அன்றைக்கே, சிலவேளை ஒரு கிழமை கழித்து, ஓரத்தில் மயிர் போல ஒரு கீறல் ஓடும். ரயில்வேக்காரர்கள் தண்டவாளத்தை ஒட்டும்போது முன்கூட்டியே நன்றாகச் சூடாக்கி, அதற்கென்று உள்ள முறையில் செய்கிறார்கள். தெருமுனையில் வெல்டிங் பெட்டி வைத்திருப்பவர் அதைச் செய்யப் போவதில்லை. அதிலும் தூண் கம்பியோடு தைத்தால் கம்பியின் பதப்பட்ட தோலும் அந்த இடத்தில் கெட்டுவிடும். ஒரே சூட்டில் இரண்டு சாமானையும் பாழாக்குகிற வேலை.

வெல்டிங் செய்யாமல், இரண்டு பக்கமும் சுவரில் நன்றாக அமர்த்தி, வாசலுக்கு மேலே வெறும் பீமாக வைக்கலாமா என்று கேட்டால், வைக்கலாம். தோட்டத்தில் எத்தனையோ பாலத்தில், களஞ்சியத்தில் அப்படி வைத்திருக்கிறார்கள். ஆனால் முதலில் துருவைச் சுரண்டி, அடிப்பக்கத்திலும் தலைப்பகுதியிலும் கீறல் இருக்கிறதா என்று மண்ணெண்ணெய் பூசிப் பார். துடைத்துவிட்டுச் சுண்ணாம்புத் தூளைத் தூவினால், கீறல் இருக்கிற இடத்தில் எண்ணெய் திரும்பக் கசிந்து கோடு காட்டும். ரயிலில் ஓடித் தேய்ந்த பிறகு கழித்த சாமான் அது, உள்ளே என்ன களைப்பு இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. கோடு தெரிந்தால் வைக்காதே. தெரியாவிட்டாலும், நான்கு அடி வாசலுக்கு 12 மில்லிமீற்றர் கம்பி நான்கு போட்டு ஒரு லிண்டல், அதாவது வாசலுக்கு மேலே கொங்கிறீட் பீம், ஊற்றிவிடலாம், உன் பாஸுக்குக் கையில் பழகிய வேலை அது. எவ்வளவு கம்பி மிச்சமாகிறது என்று அப்பாவையே கணக்குப் பார்க்கச் சொல்: நான்கு கம்பி, ஒவ்வொன்றும் ஐந்தரை அடி, மீற்றருக்கு 888 கிராம். மொத்தமாக ஆறு கிலோ. அவற்றைச் சுற்றிக் கட்டுகிற வளையக் கம்பியையும் சேர்த்தால் ஏழு. அந்த ஏழு கிலோவுக்காகவா இந்தப் பாடு?

தண்டவாளத் துண்டை விற்றுவிடாதே. ஒரு முழம் வெட்டி எடுத்தால் பட்டடைக் கல்லுக்கு அதைவிட நல்ல சாமான் கிடையாது. கவ்வாத்துக் கத்தி அடிக்க எனக்கு ஒன்று தேவைப்படுகிறது. மஸ்கெலியா பஸ்ஸில் போட்டு அனுப்பினால் வெட்டுக் கூலியும் பஸ் கூலியும் நான் தருகிறேன்.